பிராணவாயுவும் பாரிசவாயுவும்

(கடலூர்க் கூட்டத்தில் பேசியது)



"கை கால் விழுந்துவிட்டது" என்று ஊரில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஏன் விழுந்தது என்று கேட்டால், பேய் அறைந்தது என்பார் ஒருவர். கர்மபலன் என்பார் மற்றொருவர். உடம்பில் வாயு மிஞ்சிவிட்டது என்பார் கொஞ்சம் படித்தவர். தோழர்களே, வாயு மிஞ்சியதல்ல சங்கதி. பெரும்பாலும், மூளைக்குப் பிராணவாயு போய்ச் சேராததுதான் சங்கதி!

உடம்பின் எடையில் மூளை 100-க்கு 2 பங்குதான். ஆனால் நாம் செலவழிக்கும் பிராணவாயுவில் 100-க்கு 20 பங்கை அது ஒன்றே எடுத்துக்கொள்கிறது. இரத்தக் குழாயை ஒரு கட்டி அடைத்தால், அதை நம்பியிருந்த நடுப்பாகம் சில நிமிஷங்களில் செத்துப்போகும். சுற்றியுள்ள பாகமோ, வருகிற கொஞ்ச இரத்தத்திலிருந்து வழக்கத்தைவிட அதிகப் பிராணவாயுவைப் பிழிந்தெடுத்துக்கொண்டு சில மணி நேரம் தாக்குப்பிடிக்கும். காப்பாற்ற வேண்டியது அந்தப் பாகத்தைத்தான்.

மண்டையைத் திறக்காமல் அதை எப்படிக் காண்பது? நம் இரத்தத்தில் இரும்பு இருக்கிறது. பிராணவாயுவைச் சுமக்கும் இரத்தத்தைக் காந்தம் இழுப்பதில்லை. இறக்கிவிட்ட இரத்தத்தின் செம்பொருளை இலேசாக இழுக்கிறது. இதை 1936-ல் அமெரிக்காவில் பாலிங், கோரியெல் என்ற இருவர் கண்டார்கள். இந்த வித்தியாசம் எம்.ஆர்.ஐ. படத்தில் தெரிவதை 1990-ல் ஒகாவா என்ற ஜப்பானியர் காட்டினார். அதைக்கொண்டு மூளையின் எந்தப் பாகம் எவ்வளவு பிராணவாயு செலவழிக்கிறது என்று இன்று கணக்கிடுகிறார்கள். இதற்கு வேறொரு முறையும் உண்டு. அதற்கு, 2 நிமிஷத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும் கதிரியக்கப் பிராணவாயுவைப் பக்கத்திலேயே தயாரிக்க வேண்டும். காந்தத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. இம்முறை இன்னும் பெரும்பாலும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது.

ஆனால் எந்த இயந்திரமும் செத்த மூளையை எழுப்பாது. அடைப்பா, இரத்தக் கசிவா என்று முதலில் படம் எடுத்துப் பார்க்க வேண்டும். அடைப்பானால், கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். பெரிய அடைப்பில் ஒவ்வொரு நிமிஷமும் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். புறா இரத்தம் தடவவும் தாயத்து மந்திரிக்கவும் ஒரு மணி நேரம் போனால், 11 கோடிக்கு மேல் போச்சு! அந்தக் கணக்கை மந்திரவாதி கொடுப்பானா?

ஆகவே, கிள்ளையிலோ புவனகிரியிலோ ஒருவருக்கு வாய் கோணி, கை தளர்ந்து, பேச்சுக் குழறினால் நல்ல நேரம் பார்க்காதீர்கள். கடிகாரத்தைப் பாருங்கள். எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று குறித்துக்கொண்டு 108-ஐக் கூப்பிடுங்கள். சிதம்பரம் அண்ணாமலை நகரில் 1985-ல் ஏற்பட்ட மருத்துவக் கல்லூரி இன்று அரசாங்கத்தினுடையது, நம்முடையது. கேட்டுப் பெற நமக்கு உரிமை உண்டு. போய்ச் சேர வேண்டியது மட்டும் நம் பொறுப்பு என்று சொல்லி, இவ்வளவோடு முடித்துக்கொள்கிறேன்.