பேரா? கூலியா?

நடுவர் அவர்களே! எழுதுகிறவனுக்குப் பேர்தான் நிறைவு என்று எதிரணி நண்பர் முழங்கிவிட்டுப் போனார். அந்தப் பேச்சை எழுதிக்கொடுத்தது யாருன்னு நான் சொல்லமாட்டேன். அதுதான் எங்க தொழில் தர்மம்!

அமெரிக்காவிலே 1956-இல் கென்னடி பேரில் ஒரு புத்தகம் வந்தது. 1957-இல் புலிட்சர் பரிசு வாங்கியது. பெரும்பாலான அத்தியாயங்களுக்கு முதல் வரைவு எழுதியது தாம்தான் என்று உதவியாளர் சோரன்சன் 2008-இல்தான் சொன்னார். கென்னடி அவருக்குக் கணிசமான பணமும் கொடுத்திருந்தார்.

நானும் பிறருக்காக எழுதித்தான் பிழைக்கிறேன். மணிவிழா மலர், வாழ்க்கை வரலாறு எல்லாம் உண்டு. முதல் புத்தகத்தை வாய்வார்த்தையை நம்பி எழுதினேன். வீட்டுக்கு அழைச்சுப் பொன்னாடை போட்டாங்க, பணம் வரலை. ஐயா, பொன்னாடையை நீட்டினா மளிகைக்கடைக்காரர் அரிசி தருவாரா? இப்போ முன்பணம் வாங்காம பேனாவைத் திறக்கிறதில்லை.

போன மாசம் என் மகள் ஒரு புத்தகத்தைப் புரட்டிட்டுக் கேட்டா: "அப்பா, இதுல உங்க பேர் எங்கே?" கொஞ்சநேரம் எனக்குப் பேச்சே வரலை. அப்புறம் சொன்னேன்: "உன் பள்ளிக்கூட ஃபீஸ் ரசீதை எடும்மா. தந்தை பெயர்னு ஒரு இடம் இருக்கும், பாரு."

கூலியே என்று கூறி அமர்கிறேன்.