சர்க்கரை நோய்க்கும் உடற்பருமனுக்கும் புதிய ஊசி மருந்துகள்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்...

 

வாரம் ஒரு ஊசி போட்டுக்கொண்டால் சர்க்கரையும் குறையும், உடம்பும் இளைக்கும் என்ற பேச்சு இப்போது எங்கும் கேட்கிறது. அதில் உண்மை உண்டு. ஆனால் அந்த உண்மை யாருக்கு, எந்த அளவுக்கு என்பதை அறியாமல் அதை நாடுவது ஆபத்து. அதை விளக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடன் இணைந்து நாடு முழுவதும் நடத்திய ஆய்வின் முடிவுகள் 2023ஆம் ஆண்டில் வெளியாயின. நாட்டில் சுமார் 10 கோடியே 10 இலட்சம் பேருக்கு நீரிழிவு இருப்பதாக அது கணக்கிட்டது. வயது வந்தோரில் தமிழகத்தில் 14.4 விழுக்காட்டினருக்கும், நமக்கு அண்மையிலுள்ள புதுச்சேரியில் 26.3 விழுக்காட்டினருக்கும் இந்நோய் உள்ளது. அங்கே நால்வரில் ஒருவருக்கும் அதிகம் என்பது இதன் பொருள்.

இனி மருந்துக்கு வருவோம். ஒரே அளவு சர்க்கரையை நரம்பில் ஏற்றுவதைவிட வாய்வழியே உட்கொள்ளும்போது கணையம் அதிக இன்சுலினைச் சுரக்கிறது. உணவு வந்துவிட்டது என்னும் செய்தியைக் குடலே கணையத்திற்கு அனுப்புவதுதான் இதற்குக் காரணம். அச்செய்தியைக் கொண்டுசெல்லும் ஹார்மோன்களுள் ஒன்று ஜி.எல்.பி-1. இரத்தத்தில் சர்க்கரை உயர்ந்திருக்கும்போது இன்சுலினைத் தூண்டுவதும், ஈரலைச் சர்க்கரை வெளியிடச் செய்யும் குளுக்ககானை அடக்குவதும், இரைப்பை மெதுவாகக் காலியாகும்படி செய்வதும், வயிறு நிறைந்தது என்று மூளைக்கு உணர்த்துவதும் அதன் பணிகள். ஆனால் உடலில் சுரக்கும் ஜி.எல்.பி-1 ஓரிரு நிமிடங்களிலேயே சிதைந்துவிடும். அதைப் போலவே செயல்பட்டு, நெடுநேரம் நிலைத்திருக்கும் பொருளை உருவாக்குவதே அறிவியலார் மேற்கொண்ட முயற்சி.

அமெரிக்கப் பாலைவனத்தில் வாழும் கிலா என்னும் நச்சுப் பல்லியின் உமிழ்நீரில் இத்தகைய ஒரு பொருள் இருப்பதை ஜான் எங் என்னும் ஆய்வாளர் 1990களின் தொடக்கத்தில் கண்டறிந்தார். அதன் வழியே உருவான எக்சனடைடு 2005இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பின்னர் லிராகுளூடைடும், வாரம் ஒரு முறை போடும் செமாகுளூடைடும் வந்தன. இரண்டு குடல் ஹார்மோன்களின் பணியை ஒருங்கே செய்யும் டிர்செபடைடு, மவுன்ஜாரோ என்ற பெயரில் 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தது. உடற்பருமனுக்கான செமாகுளூடைடு ஊசி வீகோவி அதே ஆண்டு ஜூன் மாதம் வந்தது.

இவற்றில் பன்றியின் பொருள் உண்டா என்று சிலர் கேட்கின்றனர். முற்காலத்து இன்சுலின் பன்றி, மாடு ஆகியவற்றின் கணையத்திலிருந்து எடுக்கப்பட்டது. செமாகுளூடைடின் மூலப்பொருளோ ஈஸ்டைக் கொண்டு ஆக்கப்படுகிறது. டிர்செபடைடு வேதியியல் முறையில் தயாராகிறது. பல்லியிலிருந்தும் இவை எடுக்கப்படுவதில்லை.

பயன் எவ்வளவு? பருமனுள்ளோரிடம் 68 வாரங்கள் நடந்த ஓர் ஆய்வில் செமாகுளூடைடு உடல் எடையைச் சராசரியாக 15 விழுக்காடு குறைத்தது. இதய நோயும் சேர்ந்துள்ள நீரிழிவாளருக்கு மாரடைப்பு, பக்கவாத அபாயமும் குறைகிறது. ஆயினும் மருந்தை நிறுத்திய ஓராண்டுக்குள் இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. எனவே இது சில மாதங்களில் முடியும் வைத்தியம் அன்று.

குமட்டல், வாந்தி, பேதி, மலச்சிக்கல் ஆகியன பலருக்கும் வரும் தொல்லைகள். அதனால்தான் குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுகின்றனர். பித்தக்கல்லும் கணைய அழற்சியும் சிலருக்கு ஏற்படலாம். குடும்பத்தில் மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்தோர் இதைத் தவிர்க்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கு இது கூடாது. கருத்தரிக்க விரும்பும் சகோதரிகள் செமாகுளூடைடை இரண்டு மாதங்களுக்கு முன்பே நிறுத்த வேண்டும். முதல் வகை நீரிழிவாளருக்கு இது இன்சுலினுக்கு மாற்றாகாது.

நம் பகுதிக்கென்றே சொல்ல வேண்டியவை இரண்டு உண்டு. முதலாவது, உப்பளத்து வெயில். வாந்தியும் பேதியும் இருக்கும்போது வெயிலில் நின்று உழைத்தால் உடலின் நீர் வற்றிச் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். அந்நாட்களில் பாத்திக்கு இறங்காமல், நீர் அருந்தி, மருத்துவரைக் காண வேண்டும்.

இரண்டாவது, ரமளான் நோன்பு. இம்மருந்து தனித்து இருக்கையில் சர்க்கரையை அளவுக்கு மீறித் தாழ்த்துவது அரிது. இன்சுலினோடோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோடோ சேரும்போது அந்த அபாயம் உண்டு. ஆதலால் இரண்டு மாதங்களுக்கு முன்பே மருத்துவரைக் கண்டு மருந்தின் அளவைச் சீர்செய்துகொள்ளுங்கள். நோன்பு நெருங்கும் வேளையில் புதிதாக ஊசியைத் தொடங்காதீர்கள். வார ஊசியை இஃப்தாருக்குப் பின் இரவிலேயே போட்டுக்கொள்ளலாம். சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினால் நோன்பை விட்டுவிடுவதே உயிருக்குப் பாதுகாப்பு. நோயாளிக்கு மார்க்கம் சலுகை அளித்திருக்கிறது.

வளைகுடாவிலிருந்து வரும் உறவினரிடம் சொல்லி ஊசியைத் தருவிப்போரும் உண்டு. திறக்கப்படாத ஊசி 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டியது. பயணப் பெட்டியில் அந்தக் குளிர் நிலைக்காது. போலிச் செமாகுளூடைடு பற்றி உலக சுகாதார நிறுவனமே 2024 ஜூனில் எச்சரித்துள்ளது. மருத்துவர் சீட்டின்றி இதை வாங்கவே கூடாது.

மவுன்ஜாரோ அறிமுகமானபோது, தொடக்க அளவான 2.5 மில்லிகிராம் குப்பி ஒன்றின் விலை 3,500 ரூபாய். வாரம் ஒன்று என்றால் மாதம் 14,000 ரூபாய். இதை வாங்க இயலாதோர் மனம் தளர வேண்டியதில்லை. மெட்ஃபார்மின் இன்றும் நல்ல மருந்தே. 2021இல் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை மாத்திரைகள் இல்லத்திற்கே இலவசமாக வருகின்றன. புது ஊசிக்குக் காத்திருந்து கையிலுள்ள மாத்திரையை விட்டுவிடுவதே பெரும் இழப்பு. உயர்சிகிச்சை தேவைப்படுவோருக்கு முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் ஜிப்மரும் இருக்கின்றன.

முப்பது வயதைக் கடந்த ஒவ்வொருவரும் இவ்வாண்டு ஒரு முறையேனும் இரத்தச் சர்க்கரையைச் சோதித்துக்கொள்ளுங்கள். ஊசியா, மாத்திரையா என்பது அதற்குப் பின் வரும் கேள்வி. நோயற்ற வாழ்வை வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்வானாக, ஆமீன். வஸ்ஸலாம்.