அம்மாச்சி ஏறுற படி

போன மாசம் ராஜபாளையத்துலேர்ந்து ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலுக்குக் கிளம்பினோம். நம்ம வண்டி பழைய தார். பின்பக்கம் உட்கார பின்கதவு வழியாத்தான் ஏறணும். வெளியில வாங்கி மாட்டின இரும்பு பம்பர் துருத்திட்டு நிக்கும். அம்மாச்சிக்கு முட்டிவலி. அதனால பட்டறையில பம்பர்லயே ஒரு படி வச்சேன். அவங்க கால் வச்சதும் படி மடங்கிடுச்சு. நல்லவேளை, கையைப் பிடிச்சிருந்தேன்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். 70 கிலோ ஆள், போல்ட்டுலேர்ந்து 30 செ.மீ. தள்ளி மிதிக்கிறாங்க. மேல் போல்ட்டுக்கும் கீழ் போல்ட்டுக்கும் நடுவுல 5 செ.மீ. இடைவெளின்னா, மேல் போல்ட்டை 420 கிலோ இழுக்கும். அதையே 15 செ.மீ. ஆக்கினா 140 கிலோதான். பம்பர் தகடு இதைத் தாங்காது. எடை சேஸிஸ்ல இறங்கணும். இப்போ சேஸிஸ்ல ஏற்கெனவே இருந்த ஓட்டைகள்ல பிராக்கெட் மாட்டி, மடக்குற படியா மாத்தியாச்சு. மேடு பள்ளத்துல தரையில இடிக்காது.

இன்னொண்ணு: அனுமதியில்லாம வண்டியை மாத்தினா மோட்டார் வாகனச் சட்டத்துல மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம் வரலாம். ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல கேட்டுட்டு மாட்டுங்க. நான் பம்பருக்கே கேக்கலை, தப்புதான்.

இந்தத் தடவை முதல்ல நானே ஏறிக் குதிச்சுப் பார்த்தேன். டெஸ்ட் பண்ணாம எதையும் ரிலீஸ் பண்ணாதீங்கன்னு ஆபீஸ்ல தினமும் சொல்ற ஆள் நான்!