காலி நாற்காலியை விற்ற கதை
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

தெர்மோடைனமிக்ஸில் எனக்கு அரியர் கொடுத்த பேராசிரியர் அவர்களே!

மெக்கானிக்கல் படித்த நான் இப்போது திருச்சி தில்லைநகரில் நாற்காலி வாடகைக்கு விடுகிறேன். பந்தல் கான்ட்ராக்டர் என்று நினைத்துவிடாதீர்கள்! கோ-ஒர்க்கிங் என்கிறார்களே, பலரும் பகிர்ந்துகொள்ளும் அலுவலகம், அதுதான். 2020 ஊரடங்கில் சென்னை, பெங்களூர் வேலையோடு ஊர் வந்த நம்ம பிள்ளைகளில் பலர் இங்கேயே தங்கிவிட்டார்கள். வீட்டிலோ குக்கர் விசில், குழந்தை அழுகை. மேசையும் இணையமும் யு.பி.எஸ்ஸும் கொடுத்தால் ஓடி வருவார்கள் என்று கணக்குப் போட்டேன். 2022-ல் மனைவியின் நகையை அடகு வைத்து, 22 இருக்கைகளோடு திறந்தேன்.

விளம்பரத்துக்குக் குறைச்சல் இல்லை. பேப்பருக்குள் நோட்டீஸ், ஆட்டோ முதுகில் போஸ்டர், இன்ஸ்டாகிராமில் பளபளக்கும் காலி நாற்காலிகள். "முதல் மாதம் பாதிக் கட்டணம்!" வந்தார்கள், பார்த்தார்கள், "சொல்றோம் சார்" என்று இறங்கினார்கள். இரண்டு மாதத்தில் சேர்ந்தவர் ஒரே ஒருவர். அவரும் ஏசிக்காக.

அப்புறம் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. யாராவது பார்க்க வந்தால், என் மச்சினன்மார் மூன்று பேரை லேப்டாப்போடு உட்கார வைத்துவிடுவேன். கடைகளுக்குக் கணக்கு எழுதும் அம்மா ஒருவர் வந்தார், 50 வயதிருக்கும். நேரே சின்ன மச்சினனிடம் போய், "என்ன வேலைப்பா பார்க்கிறே?" என்றார். அவன் என்னைப் பார்த்தான். நான் மின்விசிறியைப் பார்த்தேன். லேப்டாப்பில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது.

படியிறங்கும்போது அந்த அம்மா சொன்னார்: "தம்பி, நாற்காலி எங்க வீட்லயும் இருக்கு. பக்கத்துல நாலு வார்த்தை பேச ஆள்தான் இல்லை. நிஜமான ஆளைப் பிடிங்க. வேணும்னா என்னையே ஒரு வாரம் சும்மா உட்கார விடுங்க."

விட்டேன். அவரிடம் ஜி.எஸ்.டி. சந்தேகம் கேட்க வந்த கட்டட வரைபடம் போடும் பையன் தங்கிவிட்டான். அவனோடு வெப்சைட் செய்யும் சிநேகிதன். மூன்று மாதத்தில் ஒன்பது பேர், நோட்டீஸ் ஒன்றுகூட அடிக்காமல்!

பிறகுதான் படித்தேன்: இந்தத் தொழிலின் முன்னோடி பிராட் நியூபர்க் 2005-ல் சான்பிரான்சிஸ்கோவில் திறந்த இடத்துக்கும் முதல் மாதம் யாருமே வரவில்லையாம். கொஞ்சம் ஆறுதல்.

இப்போது எல்லாருக்கும் ஒரு வாரம் இலவசம். வாசல் பலகையில் யார் என்ன வேலை செய்கிறார் என்று எழுதியிருக்கிறோம். வருகிறவர்கள் முதலில் அதைத்தான் படிக்கிறார்கள். இன்னொன்று. பார்க்க வந்த பெண்கள் இணைய வேகத்தைக் கேட்கவில்லை. கழிப்பறை எப்படி, இரவு ஏழு மணிக்குப் படிக்கட்டில் விளக்கு எரியுமா என்று கேட்டார்கள். எரியவில்லை! எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு பல்பும், ஒழுங்காகத் துப்புரவுக்கு வரும் ஓர் அம்மாவும், பாதிக் கட்டண விளம்பரத்தைவிட அதிக உறுப்பினர்களைக் கொண்டுவந்தன.

இன்று 17 இருக்கைகள் நிரம்பிவிட்டன. மனைவியின் சங்கிலி ஒன்று இன்னும் அடகில்தான். மீதி ஐந்து நிரம்பினால் மீட்டுவிடலாம். செவ்வாய்க்கிழமை மாலை நாலு மணிக்கு எல்லாரும் சேர்ந்து டீ, வடை சாப்பிடுவோம். அன்றைக்கு வாருங்கள், மாணவர்களும்தான். மச்சினன்மார் இருக்க மாட்டார்கள்.