பட்டியும் பெயிண்டும் கடைசியில்தான்!

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் மெக்கானிக்கல், 2009 பேட்ச். செயலாளர் சார் போன் செய்து, "மின்சாரக் கார் பற்றிப் பேசுப்பா" என்றார். "அதைப் பேச இங்கேயே பெரியவர்கள் இருக்கிறார்கள் சார். என் வீட்டு கராஜில் இருக்கும் துருப்பிடித்த கார் ஒன்றைப் பற்றிப் பேசட்டுமா?" என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "சரி, பதினைந்து நிமிஷம்தான்" என்றார். அதற்குள் முடித்துவிடுகிறேன்.

கார் 1972-ம் வருஷத்து டட்சன் 240 இசட். நிசான் கம்பெனி 1969-ல் ஜப்பானில் 'ஃபேர்லேடி இசட்' என்ற பெயரில் வெளியிட்ட கூபே. இரண்டே இரண்டு பேர் உட்காரலாம். நீளமான மூக்கு, அதற்குள் 2,393 சி.சி. கொள்ளளவில் ஆறு சிலிண்டர் என்ஜின், இரட்டைக் கார்புரேட்டர். எடை ஒரு டன்னுக்குக் கொஞ்சம் கூட. அமெரிக்காவில் 1970-ல் அறிமுகமானபோது விலை 3,526 டாலர். அந்த விலையில் அப்படி ஓடும் ஸ்போர்ட்ஸ் காரை அமெரிக்கர்கள் அதுவரை பார்த்ததில்லை என்பதால் வரிசையில் நின்று வாங்கினார்கள். டட்சன் என்ற பெயர் நமக்கும் அந்நியமில்லை. 2014 முதல் 2022 வரை அதே பெயரில் சின்னக் கார்கள் நம் ஒரகடத்தில் தயாராயின.

என்ஜினில் குறை சொல்ல முடியாது. குறையெல்லாம் தகட்டில்தான். அந்தக் காலத்துத் தகட்டுக்குத் துத்தநாகப் பூச்சு கிடையாது. நான் இருப்பதோ மிச்சிகன் மாநிலம், டெட்ராய்ட் பக்கம். அந்த நகரத்துக்கு அடியிலேயே, ஆயிரம் அடிக்கும் கீழே, ஒரு உப்புச் சுரங்கம் இருக்கிறது. பனிக்காலத்தில் ரோடெல்லாம் உப்பைக் கொட்டுவார்கள். உப்பு கலந்தால் தண்ணீர் பூஜ்ஜியம் டிகிரியில் உறையாது, வண்டி வழுக்காது. ஆனால் அந்த உப்புத் தண்ணீர்தான் காரின் அடிவயிற்றில் போய் உட்காரும். உப்புத் தின்றவன் தண்ணீர் குடித்தே ஆக வேண்டும் என்பார்கள் நம் ஊரில். கார் இரண்டையும் செய்துவிட்டது. விளைவு உங்களுக்கே தெரியும். இரும்பு, ஈரம், பிராணவாயு மூன்றும் சேர்ந்தால் துரு. உப்பு அதை வேகப்படுத்தும். முதல் வருஷக் கெமிஸ்ட்ரிதான்.

நான் வாங்கும்போது கார் பளபளவென்று சிவப்பாக இருந்தது. முன்பு வைத்திருந்தவர், "அடியெல்லாம் சுத்தம்" என்றார். ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி எடுத்துப்போயிருந்தேன். காந்தம் ஒட்டினால் அது தகடு. ஒட்டாமல் விழுந்தால் அது பட்டி. பின்சக்கரத்துக்கு முன்னால் விழுந்தது. கதவுக்குக் கீழே நெடுகிலும் விழுந்தது. அதற்கேற்ற விலையைக் குறைத்துப் பேசித்தான் வாங்கினேன். ஆனால் காந்தத்தால் காட்ட முடியாத ஒன்று உள்ளே இருந்தது.

இந்த மாடலில் பாட்டரி என்ஜின் அறையின் வலது பின்மூலையில் இருக்கும். ஐம்பது வருஷமாக அதிலிருந்து கசிந்த ஆசிட், தட்டைத் தின்று, அதற்குக் கீழே போகும் பெட்டிச் சட்டத்தையும் தின்றிருந்தது. இந்தக் காருக்குத் தனி சேஸிஸ் கிடையாது, உடம்புதான் எலும்பு. முன் சஸ்பென்ஷனின் ஒரு தண்டு அந்தச் சட்டத்தில்தான் வந்து பொருந்துகிறது. பிரேக் அடிக்கும்போது சக்கரம் தள்ளும் விசையை அது வாங்க வேண்டும். திருப்புளியால் லேசாகத் தட்டினேன். உள்ளே போய்விட்டது. அதற்கு நேர் பின்னால், இருக்கையின் போல்ட் இறங்கும் தரைத் தகடும் சல்லடை. அங்கே ஓட்டுநர் இடதுபக்கம். அப்படியென்றால் வலதுபக்கம் யார் உட்காருவார்? என் மனைவி!

பெயிண்ட் உதிர்ந்தால் அசிங்கம், அவ்வளவுதான். இது உதிர்ந்தால் உயிருக்கு ஆபத்து. நண்பர்கள் எல்லோரும், "பார்ட் பார்ட்டாகப் பிரித்து விற்றுவிடு" என்றார்கள். மனைவி, "இந்தக் காசுக்கு ஊரில் அரை கிரவுண்ட் வாங்கியிருக்கலாம்" என்றார். இரண்டு பேர் சொன்னதும் நியாயம்தான். நான் ஆபீசில் செய்யும் வேலையோ, கம்ப்யூட்டரில் சட்டங்களின் வலிமையைக் கணக்குப் போடுவது. திரையில் ஆயிரம் சட்டங்களுக்கு 'பாதுகாப்பானது' என்று எழுதியிருக்கிறேன். கையால் ஒன்றைக்கூடச் செய்ததில்லை. இந்த ஒன்றையாவது முழுசாகச் செய்து, அதன் மேல் என் வீட்டு மனுஷியை உட்கார வைக்க எனக்குத் துணிச்சல் வருமா என்று பார்க்க ஆசைப்பட்டேன். காரை விற்காததற்கு அதுதான் காரணம்.

அதனால் முதலில் காரைத் தொடவில்லை. பக்கத்துச் சமுதாயக் கல்லூரியில் மாலை நேர வெல்டிங் வகுப்பில் சேர்ந்தேன். இருபது வயதுப் பையன்களுக்கு நடுவே நான் ஒருவன். அங்கிருந்த ஆசிரியர் நாற்பது வருஷம் வெல்டராக இருந்தவர். நாம் வெல்ட் செய்த துண்டை வைஸில் பிடித்து, சுத்தியலால் வளைப்பார். வெல்ட் விரிசல் விட்டால் குப்பைக்கு. தகடு வளைந்து வெல்ட் அப்படியே நின்றால், ஒன்றும் சொல்லாமல் அடுத்த துண்டைக் கொடுப்பார். அதுதான் பாராட்டு! தொடர்ந்து பத்துத் துண்டு தேறினால்தான் கார் பக்கம் போவது என்று எனக்கு நானே விதி வைத்துக்கொண்டேன். ஒரு குளிர்காலம் முழுக்க அதிலேயே போயிற்று.

அப்புறம் வேலை. செய்ய விரும்பும் தம்பிகளுக்காக வரிசையாகச் சொல்கிறேன். வெட்டுவதற்கு முன்னால் கதவு வாசல்களில் குறுக்குக் கம்பி வைத்து இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் தரையை எடுத்ததும் உடம்பு தொய்ந்து, அப்புறம் கதவு மூடாது. கம்பெனி மானுவலில் உள்ள அளவுகளை வைத்து மூலைக்கு மூலை அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். ஒரு பக்கத்தை முடித்துவிட்டுத்தான் மறுபக்கத்தை வெட்ட வேண்டும்.

எவ்வளவு வெட்டுவது? துரு தெரியும் இடம் வரைக்கும் அல்ல. பளபளவென்று நல்ல இரும்பு தெரியும் இடம் வரைக்கும். இதில் கை கூசும். "இவ்வளவு போதுமே" என்று மனசு சொல்லும். ஆனால் பாதி துருவின் மேல் வெல்ட் நிற்காது. நின்றாலும், இரண்டு தகடு ஒன்றின்மேல் ஒன்று படியும் இடுக்கில் ஈரம் தங்கி, உள்ளே அரித்துக்கொண்டே இருக்கும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்புவது அதனால்தான். கொப்புளம் வெளியே தெரிகிற அன்றைக்கு, உள்ளே விஷயம் முடிந்துபோயிருக்கும்.

தகடு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. ஒரே கோடாக வெல்ட் இழுத்தால் சூட்டில் அப்பளம் மாதிரி நெளிந்துவிடும். அதனால் 0.6 மி.மீ. கம்பி போட்டு, இங்கே ஒரு புள்ளி, ஒரு அடி தள்ளி ஒரு புள்ளி, ஆறவிட்டு மறுபடி ஒன்று. ஒரு தரைத் தகட்டைச் சேர்க்க நான்கு வாரக் கடைசி. அதற்குமேல் எபாக்ஸி ப்ரைமர், இணைப்புகளில் சீலண்ட், பெட்டிச் சட்டத்தின் உள்ளே மெழுகு. பட்டியும் பெயிண்டும் எல்லாவற்றுக்கும் கடைசியில்தான்.

சின்னச் சின்ன பிராக்கெட்டுகளுக்கு உப்புத்தாள் தேய்த்து மாளாது. ஒரு பிளாஸ்டிக் தொட்டி, தண்ணீர், சலவைச் சோடா, 12 வோல்ட் பாட்டரி சார்ஜர் போதும். துருப்பிடித்த பாகத்தை நெகட்டிவிலும் வேண்டாத இரும்புத் தகட்டைப் பாசிட்டிவிலும் மாட்டினால், ராத்திரியில் துரு கழன்றுவிடும். இரண்டு எச்சரிக்கை: ஹைட்ரஜன் வாயு வரும், ஆகவே திறந்த வெளியில் செய்யுங்கள், பக்கத்தில் நெருப்பு கூடாது. பாசிட்டிவில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மாட்டவே கூடாது. அதிலுள்ள குரோமியம் கரைந்து தண்ணீரே விஷமாகிவிடும்.

இதற்கு மிச்சிகன் வரை போக வேண்டியதில்லை. உப்புக்காற்று நமக்கும் சொந்தம்தான். 1914-ல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் ஓடுவது நின்றதற்குத் துருதான் காரணம். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளையும் பாலிசிலாக்சேன் பூச்சையும் பயன்படுத்தியிருக்கிறார்கள். துருவையும் ஆராய்வதற்காகக் காரைக்குடியில், அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில், மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953-லிருந்து இயங்குகிறது. இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் யாராவது ஒருவர் நாளைக்கு ஒரு பாலத்துக்கோ பாய்லருக்கோ கையெழுத்துப் போடப் போகிறீர்கள். அன்றைக்கு, மேலே அடித்திருக்கும் பெயிண்டைப் பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள். திருப்புளியால் ஒரு தடவை தட்டிப் பாருங்கள்.

"சரி, உன் கார் என்ன ஆச்சு?" என்று கேட்பீர்கள். ஐந்து வருஷம் ஆயிற்று. சட்டத்தை வெல்ட் செய்து முடித்ததும் என் வெல்டிங் ஆசிரியரை வீட்டுக்கு அழைத்தேன். அடியில் படுத்து, டார்ச் லைட் அடித்து, ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்தார். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு அடுத்து என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டார். எனக்கு அது போதும். இப்போது கார் ஓடுகிறது, வெயில் காலத்தில் மட்டும். வெளியே இன்னும் சாம்பல் நிற ப்ரைமர்தான். பார்ப்பவர்கள், "எப்போ பெயிண்ட்?" என்கிறார்கள். மனைவி மட்டும் கேட்பதில்லை. வலதுபக்கம் ஏறி, பெல்ட்டை மாட்டிக்கொண்டு, "போகலாமா?" என்கிறார்.

கடைசியாகச் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நம் ஒர்க் ஷாப்பில் முதல் வருஷம் மட்டும் ராவுவதும், அறுப்பதும், ரெக்கார்ட் நோட்டுக்கு மார்க் வாங்குவதுமாக நின்றுவிடுகிறது. சனிக்கிழமை மதியங்களில் அதை எல்லா வருஷத்து மாணவர்களுக்கும், எல்லாத் துறைக்கும் திறந்துவிடுங்கள். யார் வீட்டிலாவது மாமரத்தடியில் ஒரு பழைய ஃபியட்டோ, வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டோ கிடக்கும். கொண்டுவந்து போடுங்கள். ஹெரால்டுக்குத் தனி சேஸிஸ், கற்றுக்கொள்ள சுலபம். 2009 பேட்ச் சார்பில் ஒரு மிக் வெல்டிங் மெஷினும், முகக்கவசங்களும் வாங்கித் தருகிறோம். என் பேட்ச்மேட்டுகளிடம் இன்னும் சொல்லவில்லை, இப்போதுதான் சொல்கிறேன். யாரும் எழுந்து போக வேண்டாம், கதவில் ஆள் நிறுத்தியிருக்கிறேன்!

செயலாளர் சார் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்.