கடல்மீன் தொட்டி வைக்க நினைப்பவர்களுக்கு

(சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

நம் குடியிருப்பில் வண்ணமீன் வளர்க்கும் வீடுகள் சில உண்டு. இப்போது பிள்ளைகள் கடல்மீனும் பவளமும் கேட்கிறார்களாம். வாங்குவதற்கு முன் கொஞ்சம் கேளுங்கள்.

முதலில் பவளம். யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில், புலி இருக்கும் அதே முதல் அட்டவணையில்தான் பவளமும் இருக்கிறது. செத்த துண்டைக்கூட வீட்டில் வைத்திருக்கக் கூடாது. அலங்காரக் கல்லுக்கு இவ்வளவு கெடுபிடியா என்று தோன்றும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு இன்று தண்ணீருக்கடியில். சுற்றியிருந்த பவளத்தைச் சுண்ணாம்புக்காக வெட்டி எடுத்தார்கள். அலையைத் தடுக்க ஒன்றும் மிஞ்சவில்லை.

அதற்காக ஆசையை விட வேண்டாம். தொட்டிக்குள் செராமிக் பாறை போதும். கோமாளி மீனைப் பொரிப்பகத்திலேயே வளர்க்கும் முறையை மண்டபத்திலுள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் வகுத்திருக்கிறார்கள். கொளத்தூரில் வாங்கினாலும், “பொரிப்பக மீனா, கடலில் பிடித்ததா?” என்று கேளுங்கள். கடல் சாமந்தி இல்லாமலும் அது நன்றாக வாழும்.

போர் தண்ணீர், லாரித் தண்ணீர் வேண்டாம், ஆர்.ஓ. தண்ணீர்தான். சமையல் உப்பு உதவாது. கடல்தொட்டி உப்பு லிட்டருக்குச் சுமார் 35 கிராம். மீன் விடுவதற்கு முன் நான்கிலிருந்து ஆறு வாரம் தொட்டியை ஓட விடுங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் சோதனையில் பூஜ்யம் காட்டிய பிறகே மீன்.

பலரும் சறுக்குவது மே மாதத்தில். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அப்படியே நிற்கும். வட்டி போகிறது, அசல் நிற்கிறது என்று எங்கள் வங்கிப் பாஷையில் சொல்லலாம். குறைந்ததை உப்புநீரால் நிரப்பினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். கண்ணாடியில் டேப் ஒட்டி, அந்த அளவு வரை தினமும் வெறும் ஆர்.ஓ. தண்ணீர் விடுங்கள். சூடு 28 டிகிரியைத் தாண்டினால் நீரின் மேல் சின்ன மின்விசிறி வையுங்கள்.

கரண்ட் போனால் மீனுக்குக் காற்று வேண்டும். 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது நம் அனகாபுத்தூர் பட்ட பாடு தெரியும்தானே! பேட்டரியில் ஓடும் காற்று பம்பு ஒன்று கட்டாயம்.

200 லிட்டர் தொட்டி, கண்ணாடி, மணல், ஸ்டாண்டு எல்லாம் சேர்த்து 250 கிலோவைத் தாண்டும். பால்கனி ஓரம் ஆகாது. கட்டடப் பொறியாளரைக் கேட்டு, தூணும் பீமும் தாங்கும் சுவரோரம் வையுங்கள்.

மாற்றிய உப்புநீரைக் கழிவறையில் ஊற்றுங்கள். செடிக்கோ, மழைநீர் சேகரிப்புக் குழிக்கோ தயவுசெய்து வேண்டாம். அந்தக் குழித் தண்ணீர்தான் நம் எல்லோருடைய போருக்கும் போகிறது.