வண்ணத்துக்குள் மறைந்த துரு

பழைய ஸ்போர்ட்ஸ் காரின் பளபளப்பை மட்டும் பார்த்து வாங்குபவர் ஏமாறக்கூடும். 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தில் தயாரான எம்ஜிபி காருக்குத் தனிச் சட்டகம் கிடையாது. கதவுக்குக் கீழே ஓடும் தகட்டுப் பெட்டிதான் அதைத் தாங்குகிறது. ஆயர் குரோ போன்ற, மழையும் புழுக்கமும் மிகுந்த ஊரில் அது உள்ளிருந்தே துருப்பிடிக்கும். பட்டி பூசி வண்ணம் அடித்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால், தடித்த பட்டியில் காந்தம் ஒட்டாது. விபத்து நேர்ந்தால் அந்த இடம் மடங்கும்; உயிருக்கே ஆபத்து.

நல்ல பட்டறைக்காரர் துருவை வெட்டித் திறந்ததும் உரிமையாளரை அழைத்துக் காட்டுவார். செலவு கூடுமென்றும் அப்போதே சொல்வார். உரிமையாளரும் அவசரப்படுத்தக்கூடாது. புதுத்தகடு பற்றவைத்த பிறகே வண்ணம். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் செய்யும் வேலையில்தான் தொழிலாளியின் நாணயம் இருக்கிறது.